வாளியா, டிரம்மா... எது உங்க கிணறு?

“தம்பி, தப்பா நினைக்காதீங்க... மாடியில பைப்பு, டியூப்பு, குபுகுபுன்னு சத்தம்... ஏதாவது கஞ்சா கிஞ்சா வளர்க்கறீங்களா?”

ஹவுஸ் ஓனர் இப்படிக் கேட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. “ஐயையோ சார், தக்காளி சார், வெறும் தக்காளி!” என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். அவர் மேல் தப்பில்லை. மண்ணில்லாமல் செடி வளர்க்கும் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ பிரபலமானதில் வெளிநாட்டுக் கஞ்சா ஆசாமிகளுக்கும் பங்கு உண்டு. நம் ஊரில் அதைத் தொட்டால் 1985-ம் வருஷப் போதைப் பொருள் சட்டப்படி நேராகக் கம்பிதான். எனவே நாம் தக்காளியோடு நிறுத்திக் கொள்வோம்.

விஷயம் ரொம்ப சிம்பிள். செடிக்கு மண் தேவையில்லை. மண்ணில் இருக்கும் சத்துதான் தேவை. அந்தச் சத்து உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, வேரை அதில் தொங்கவிட்டால் போதும். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து கெரிக் என்ற விஞ்ஞானி 1929-ல் இதை ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வெளியே கொண்டு வந்தார். 1937-ல் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்று பேர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் ‘ஹைட்ரோ’ என்றால் தண்ணீர், ‘போனோஸ்’ என்றால் உழைப்பு. ஆஹா, தண்ணீர் உழைக்கும், நாம் ஆபீஸ் போகலாம் என்று நானும் இறங்கினேன்.

கடையில், “டேங்க் எவ்வளவு பெருசு வேணும் சார்?” என்றார்கள். மாடி வாடகை வீடு, பட்ஜெட் பெயிண்ட் வாளி. “இருபது லிட்டர்” என்றேன். அங்கேதான் சறுக்கினேன்.

இரண்டு தக்காளிச் செடி. மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டார் ஒன்று. செடி தளதளவென்று வளர்ந்து இருபத்து மூன்று காய். எண்ணி வைத்திருந்தேன்! பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும். வாளி நிறையக் கரைசலை ஊற்றிவிட்டு ஐந்து நாள் லீவில் ஊருக்குக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது செடி காய்ந்த வைக்கோல். வாளிக்கு அடியில் வெள்ளையாக உப்புப் பொருக்கு.

கூடவே வந்திருந்த அப்பா வாளியை ஒரு பார்வை பார்த்தார். நாற்பது வருஷம் திருநெல்வேலிப் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்து, முடியாமல் போய் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்.

“ஏலே, கிணத்தப் பாத்துத்தான வெள்ளாமை வைக்கணும்? இது கிணறா? செம்புலா!”

ரசம் சுண்டினால்...

அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நன்கு வளர்ந்த ஒரு தக்காளிச் செடி வெயில் நாளில் இரண்டு லிட்டர் வரை குடித்துவிடும். இரண்டு செடிக்கு நான்கு லிட்டர், ஐந்து நாளைக்கு இருபது. என் வாளி மொத்தமே இருபது!

தண்ணீர் தீர்வதற்கு முன்பே இன்னொரு வில்லங்கம் ஆரம்பமாகிவிடும். வெயிலில் செடி உப்பைவிடத் தண்ணீரைத்தான் வேகமாக இழுக்கும். ரசம் அடுப்பில் சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கிறதே, அதே கதை. இருபது லிட்டரில் பத்து போனால் மிச்சக் கரைசலின் காரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, வேர் கருகும். நூறு லிட்டரில் அதே பத்து போனால் ஏறுவது பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான், செடி கண்டுகொள்ளாது. பி.எச். என்கிற புளிப்பு அளவும் அப்படியே. அது 5.5-க்கும் 6.5-க்கும் நடுவே இருக்க வேண்டும். சின்ன வாளியில் அது ஆட்டோ மீட்டர் மாதிரி துள்ளும்.

சூடும் ஒரு எதிரி. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் சுமார் ஏழரைதான். சின்ன வாளி மொட்டை மாடியில் மத்தியானத்துக்குள் வெந்நீராகிவிடும், வேர் மூச்சு முட்டி அழுகும். பெரிய டேங்க் மெதுவாகத்தான் சூடேறும். எதுவானாலும் வெளிச்சம் புகாதபடி மூடி, வெளிப்பக்கம் வெள்ளை அடித்து, நிழலில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

சரி, எவ்வளவுதான் வாங்குவது?

ஒரு கணக்கு. செடிகள் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரை, நீங்கள் வீட்டில் இல்லாத நாட்களால் பெருக்குங்கள். வருவதை இரண்டால் பெருக்குங்கள். திரும்பி வரும்போது பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா? என் கேஸில் 4 x 5 = 20; இரண்டு மடங்கு 40. மேலே கொஞ்சம் காலி இடம் விட்டு ஐம்பது, அறுபது லிட்டர் டப். குழாய் வழியே சுற்றிவரும் அமைப்பு என்றால் காலி இடம் கட்டாயம். கரெண்ட் போனதும் குழாயில் இருப்பதெல்லாம் டேங்குக்கே திரும்பும். விளிம்பு வரை நிரப்பினால் கீழ் வீட்டு பால்கனிக்கு அபிஷேகம்தான்.

கீரைப் பிரியர்களுக்கு இத்தனை கவலை வேண்டாம். பாலக், லெட்யூஸ் வகைகளுக்குச் செடிக்கு இரண்டு, மூன்று லிட்டர் போதும். மோட்டாரே இல்லாத வழியும் உண்டு. ஹவாய் பல்கலைக்கழகத்து கிராட்கி சொல்லிக் கொடுத்தது. நான்கு லிட்டர் டப்பா, மூடியில் ஓட்டை, ஒரு லெட்யூஸ். தண்ணீர் இறங்க இறங்க மேல் வேர் காற்றை வாங்கும், கீழ் வேர் தண்ணீரை வாங்கும். பாசத்தில் திரும்ப முழுக்க நிரப்பிவிடாதீர்கள், மேல் வேர் மூழ்கிச் செத்துவிடும்.

“அப்போ இருநூறு லிட்டர் டிரம்மே வாங்கிடலாமே?” என்று எகிறாதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. மூன்று ஆசாமிகள் தளத்தின் ஒரே இடத்தில் இருபத்து நாலு மணி நேரமும் நிற்கிற மாதிரி. ஓனரைக் கேட்டு, உத்தரம் ஓடுகிற சுவரோரமாக வையுங்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். டிரம் பத்து மடங்கு பெரிசு என்றால் உரச் செலவும் பத்து மடங்கு. பழைய கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல், தண்ணீர் கலந்து செம்பருத்தித் தொட்டிக்கு ஊற்றலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி.

இப்போது என் மாடியில் அறுபது லிட்டர் டப். அப்பா ஊருக்குப் போகாமல் இரண்டு மாதம் தங்கிவிட்டார். காலையில் எழுந்ததும் டப்புக்குள் குச்சியை விட்டு மட்டம் பார்ப்பார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த அதே முகம். “ரெண்டு விரக்கட எறங்கியிருக்குலே” என்று ரிப்போர்ட் கொடுத்த பிறகுதான் காபி.

ஹவுஸ் ஓனரும் தினமும் மாடிக்கு வருகிறார். சந்தேகம் தீரவில்லையோ என்று பயந்தேன். போன வாரம் மெதுவாகக் காதருகே வந்து கேட்டார்:

“தம்பி... இந்தத் தடவை எத்தனை காய்? அரைக் கிலோ தேறுமா?”