கொட்டாஞ்சேனைக் கருங்கல்லும் கண்ணால் தொடும் கலையும்

கோடு, வடிவம், வண்ணம் ஆகியவற்றோடு கட்புலக் கலையின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாக எண்ணப்படும் இழையமைப்பு, ஒரு மேற்பரப்பு சொரசொரப்பானதா, வழவழப்பானதா என்பதைக் கைக்கும் கண்ணுக்கும் உணர்த்தும் பண்பாகும். வெள்ளவத்தைக் கடைகளில் புடைவை வாங்குவோர் வண்ணம் பிடித்த பின்னரும் துணியை விரல்களுக்கிடையே உரசிப் பார்ப்பது இதனை அறியவே. கொழும்பில் இப்பண்பைக் கற்க விரும்புவோர்க்குக் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைவிடச் சிறந்த இடம் அரிது.

1857இல் பொன்னம்பல முதலியார் நிறுவிய இக்கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையான காலத்தில் கருங்கல்லால் மீளக் கட்டுவித்தார். பளிங்குமணிகளும் மைக்கா முதலிய கனிமத் துகள்களும் இறுகிப் பிணைந்த கருங்கல் உளிக்கு எளிதில் இணங்காது. ஆதலால், மென்மையான மாக்கல்லில் ஹொய்சளச் சிற்பிகள் பேலூரில் செதுக்கிய நூலிழை போன்ற அணிகளை இக்கல்லில் நாடாமல், தென்னாட்டுச் சிற்பமரபு திரண்ட உருவங்களையும் ஆழ்ந்த வெட்டுகளையும் பெரிதும் நம்பியது. வண்ணம் பூசாத கல்லில் சாய்ந்து விழும் ஒளி, உளி பொளிந்த ஒவ்வொரு குழியிலும் சிறு நிழலை இருத்த, இழைத்து மெருகிட்ட பகுதியோ அதே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஒரே சாம்பல் நிறமுடைய கல்லில் கண் பல நிறங்களைக் காண்பதன் காரணம் இதுவே. எண்ணெய்க்காப்புப் பெறும் திருவுருவங்களில் எண்ணெய் கல்லின் நுண்துளைகளை நிரப்புவதால் ஒளி சிதறுவது குறைந்து, கல் கருமையும் பளபளப்பும் அடைகிறது.

கையால் தொட்டறியக்கூடிய இவ்வகை மெய்யான இழையமைப்பு எனப்படும். 1943இல் கொழும்பில் தோன்றிய '43 குழு'வைச் சேர்ந்த ஜஸ்டின் தரணியகல, எண்ணெய் வண்ணத்தைத் தடிப்பாக அப்பித் தூரிகையின் தடத்தையே ஓவியத்தின் உயிராக்கியதும் இவ்வகையே. அதே குழுவின் உந்துசக்தியாக விளங்கிய லயனல் வென்ட்டின் புகைப்படங்களிலோ தாள் மழமழப்பாக இருக்க, ஒளியும் நிழலும் தோலையும் துணியையும் தொட்டாற்போல் காட்டுகின்றன; இது தோற்ற இழையமைப்பு எனப்படும்.

சுதையுருவங்களுக்கு வண்ணம் அழகு சேர்க்கும். கருங்கல்லுக்கோ அது கேடு. எனாமல் பூச்சு உளித்தடங்களை மூடிவிடுகிறது. அதனை அகற்றத் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் மணலை வேகமாகப் பாய்ச்சியபோது சிற்பங்களின் நுட்பமும் கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்துபோயின. திருப்பணியில் ஈடுபடும் அறங்காவலர்களும் அடியார்களும் கருங்கல்லைக் கருங்கல்லாகவே விட்டுவைக்க வேண்டும்.