உங்களுக்குத் தெரியுமா? தெளிந்த தண்ணீரும் கெட்டிருக்கலாம்!

அமிர்தி அருவித் தண்ணீரையும் ஆம்பூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் இரண்டு கண்ணாடி டம்ளரில் வைத்தால், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியலாம். மின்கடத்துத்திறன் மீட்டரின் முனையை நனைத்துப் பாருங்கள்; உப்பு கரைந்திருந்தால் எண் எகிறும். ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளில், பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தூவிய உப்பு, தோலை ஊறவைத்த கழிவுநீரோடு மண்ணில் இறங்கிக் கிணறுவரை போய்விடுகிறது. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000. தோல் பதனிடச் சேர்க்கும் குரோமியமோ 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது! அதை இந்த மீட்டர் தனியாகக் காட்டாது, ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இந்தத் தோல் ஆலைக் கழிவால் பாதிக்கப்பட்ட பாலாற்றங்கரை மக்களுக்காகத் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.