இல்லத்திலிருந்தே ஓர் உலகப் பயணம்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் பிள்ளைகளின் நாவில் ஒரே வினாதான்: "இந்த விடுமுறைக்கு நாம் எங்கே போகிறோம்?" வசதி படைத்த இல்லங்களில் இதற்கு விடை எளிது. கரும்புக் கொல்லையிலும் மரக்காணத்து உப்பளத்திலும் உழைத்து வாழும் குடும்பத்திற்கோ இவ்வினா நெஞ்சில் தைக்கும் முள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், "விடுமுறையில் எங்கே சென்று வந்தாய்?" என்று ஆசிரியை கேட்க, தலை குனிந்து நிற்கும் பிள்ளைகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அநேகர் உண்டு. அவ்வாறு தலை குனிய வேண்டிய அவசியமே இல்லை. பணம் செலவிடாமல், வீட்டுத் திண்ணையிலிருந்தே உலகைச் சுற்றிவர ஒரு வழி உண்டு. அதைக் காட்டித் தந்தவர் நம் திருச்சபையின் புனிதை ஒருவர்.

சிறுமலர் குழந்தை தெரேசம்மாள் 1888-ஆம் ஆண்டு, பதினைந்தாம் வயதில், பிரான்சு நாட்டின் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் நுழைந்தார். 1897-இல், இருபத்து நான்காம் வயதில் காசநோயால் இறக்கும்வரை அம்மடத்தை விட்டு வெளியேறவில்லை. ஆயினும் அவர் உள்ளம் கடல் கடந்து சென்றது. அதே மடத்திலிருந்து சென்ற கன்னியர் 1861-இல் சைகோன் நகரில் ஒரு மடம் நிறுவியிருந்தனர்; தாமும் அத்திசை செல்ல அவர் ஏங்கினார். சீனாவின் சிச்சுவான் பகுதிக்கு மறைப்பணியாற்றச் சென்ற ரூலான் அடிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். தாம் வேலை செய்யும் அறையின் சுவரில் சிச்சுவானின் வரைபடத்தை மாட்டி வைத்தார். அந்தச் சுவர்ப்படமே அவருடைய கப்பல், செபமே பாய்மரம். 1927-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், உலகெங்கும் அலைந்து திரிந்த புனித சவேரியாரோடு இம்மடத்துக் கன்னியையும் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக அறிவித்தார்.

ஆகவே, இவ்விடுமுறையில் நம் இல்லத்துச் சுவரிலும் ஓர் உலகப் படம் ஏறட்டும். கடையில் சில ரூபாய்க்கே கிடைக்கும். நான்கு வாரங்களை நான்கு பயணங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் நம் மண்ணிலிருந்தே புறப்படுவோம். விழுப்புரம் சந்திப்பிலிருந்து இருப்புப் பாதைகள் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திக்குகளில் பிரிகின்றன. ஹவுராவுக்கும் டெல்லிக்கும் போகும் வண்டிகள் இங்கே நின்று செல்கின்றன. அவ்வண்டி எந்த மாநிலங்களைக் கடக்கும், எந்த ஆறுகளைத் தாண்டும், அங்குள்ளோர் என்ன மொழி பேசுவர் என்று பிள்ளைகள் படத்தில் விரல் வைத்துத் தேடட்டும்.

வானூர் வட்டத்துத் திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்கள் கிடக்கின்றன. இவற்றை 1781-இல் குறித்து வைத்தவர் பிரெஞ்சுக்காரரான சொன்னேரா என்பவர். திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கிலோ, சிறுபாணாற்றுப்படை புகழும் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனுடைய எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் கருத்து. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலி நாட்டு மட்பாண்டங்கள் கிடைத்தன. நம் ஆண்டவர் நாசரேத்தில் வாழ்ந்த காலத்தையொட்டியே ரோமாபுரியின் சரக்கு நம் கரையில் இறங்கியது என்றால், தொலைதூரம் என்பது நாம் எண்ணுவதுபோல் அவ்வளவு தொலைவன்று.

இரண்டாம் வாரம் புனித சவேரியாரின் வழித்தடம். 1542 மே மாதம் கோவா வந்திறங்கினார். முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்தார். 1545-இல் மலாக்கா, 1549-இல் ஜப்பானின் ககோஷிமா. 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையோரத்துச் சான்சியான் தீவில் உயிர் துறந்தார். ஒரு சிவப்பு நூலையும் சில குண்டூசிகளையும் கொண்டு இவ்வழியைப் படத்தில் இணைக்கலாம். இன்னொரு நிற நூலால் இத்தாலியின் காஸ்திலியோனே ஊரிலிருந்து தமிழகம் வந்த வீரமாமுனிவரின் பாதையையும் இழுத்துவிட்டால், நமக்கு விசுவாசம் எத்தனை கடல்களைத் தாண்டி வந்தது என்பது குழந்தைக்கும் விளங்கும்.

மூன்றாம் வாரம் செபமாலைப் பயணம். 1951-இல் பேராயர் புல்டன் ஷீன் உலக மறைபரப்புச் செபமாலையைத் தொடங்கினார். அதன் பத்து மணிகள் ஒவ்வொன்றும் ஒரு கண்டத்திற்கு: ஆப்பிரிக்காவுக்குப் பச்சை, அமெரிக்காவுக்குச் சிவப்பு, ஐரோப்பாவுக்கு வெள்ளை, ஓசியானியாவுக்கு நீலம், ஆசியாவுக்கு மஞ்சள். மாலைச் செபத்திற்கு முன் ஒரு பிள்ளை எழுந்து, அன்று தான் அறிந்த நாட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லட்டும்: அங்கு மக்கள் எதை உண்கிறார்கள், எதற்காகக் கண்ணீர் விடுகிறார்கள்? பிறகு அந்நாட்டிற்காக ஒரு பத்து மணி செபம். பெயர் தெரியாத நாட்டிற்காகச் செபிப்பது உதட்டளவில் நிற்கும். அறிந்த நாட்டிற்காகச் செபிப்பது உள்ளத்திலிருந்து எழும்.

நான்காம் வாரப் பயணமே மிக முக்கியமானது. நம் பகுதியில் எத்தனையோ இல்லங்களில் தந்தையின் நாற்காலி காலியாக இருக்கிறது. அவர் அபுதாபியிலோ குவைத்திலோ வெயிலில் நின்று உழைக்கிறார். அவர் அனுப்பும் பணத்தைப் பிள்ளை அறியும். அவர் வாழும் ஊரை அறியாது. கைப்பேசியில் பேசும்போதும், "எப்போது வருவீர்கள், என்ன வாங்கி வருவீர்கள்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல தந்தை தன் வீட்டிலேயே அந்நியராகிறார்.

இவ்வாரம் பிள்ளைகள் வேறு வினாக்களைக் கேட்கட்டும். "அப்பா, அங்கே எத்தனை மணிக்குச் சூரியன் உதிக்கிறது? உங்களோடு தங்கியிருப்பவர் எந்த நாட்டவர்? திருப்பலிக்கு எந்தக் கோவிலுக்குப் போகிறீர்கள்?" அபுதாபி நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது, குவைத் நேரம் இரண்டரை மணி. நாம் இரவு எட்டரைக்குச் செபமாலைக்கு அமரும்போது அபுதாபியில் மணி ஏழு, குவைத்தில் ஆறு. அதைக் குறித்து வைத்து, அவரும் அந்நேரத்தில் ஓர் அருள் நிறை மந்திரமாவது நம்மோடு சொல்லும்படி ஏற்பாடு செய்யலாம். 2019 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அபுதாபியில் திருப்பலி நிறைவேற்றியபோது, அரங்கை நிறைத்தவர்களில் பெரும்பாலோர் இவ்வாறு குடும்பத்தைப் பிரிந்து வந்த புலம்பெயர் தொழிலாளர்களே என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தம் தந்தை தனிமையில் வாடும் கூலியாள் மட்டுமல்லர், உலகத் திருச்சபையின் ஓர் அங்கம் என்பதை அவர்கள் உணர்வார்கள்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. இக்காலத்தில் கைப்பேசியைத் தட்டினால் எந்நாட்டுப் படமும் கண்முன் வரும். ஆனால் படம் பார்ப்பது வேறு, பயணம் செய்வது வேறு. ஆகவே கைப்பேசிக்கு நாளொன்றுக்கு அரைமணி போதும். மீதி நேரம் படமும் நூலும் குறிப்பேடும் பேசட்டும். ஊர் நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்குங்கள். தாத்தா பாட்டியையும் விட்டுவிடாதீர்கள். மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியைச் சிற்றலையில் கேட்டு, அஞ்சலட்டை எழுதிப்போட்டு, பதிலுக்குக் காத்திருந்த தலைமுறை அவர்களுடையது. 2018-இல் அச்சிற்றலை ஒலிபரப்பு நின்றுவிட்டது. அவர்கள் நினைவோ இன்னும் ஒலிபரப்பிக் கொண்டிருக்கிறது.

இறுதியாக ஓர் உண்டியல். ஊருக்குப் போகாததால் மிஞ்சிய சில்லறை அதில் விழட்டும். 1926-இல் ஏற்படுத்தப்பட்ட மறைபரப்பு ஞாயிறு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. அன்று பிள்ளைகள் தம் கையாலேயே அதைக் காணிக்கைத் தட்டில் இடட்டும். ஜூன் மாதம் ஆசிரியை கேட்கும்போது அவர்கள் தலை நிமிர்ந்து சொல்ல விடை இருக்கும். அதைவிட மேலாக, முன்பின் கண்டிராத மக்களையும், காண முடியாத தொலைவில் உழைக்கும் தந்தையையும் தம்மவராக எண்ணும் நெஞ்சம் அவர்களுக்கு வாய்த்திருக்கும்.