வேளாங்கண்ணி மாதாவாக மாறிய போட்டோ ஆர்ட்டிஸ்ட்... சர்ரியல் போட்டோன்னா என்ன?

வீட்டு ஷெல்ஃப், பஸ் டேஷ்போர்டு, பர்ஸுக்குள்ளே என்று எங்கேயாவது ஒரு வேளாங்கண்ணி மாதா படத்தைப் பார்த்திருப்பீங்க. தலையில் கிரீடம், உடம்பில் புடவை, கையில் குழந்தை இயேசு. ரொம்பவே பழகின அந்தப் படத்தில், மாதாவின் இடத்தில் இன்னொரு பெண் நின்றால்?

அப்படி ஒரு போட்டோ நிஜமாவே இருக்கு. அதில் மாதாவாக நிற்பவர் பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா. எடுத்தவர் கிளேர் ஆர்னி. 2000 முதல் 2004 வரை இருவரும் சேர்ந்து செய்த 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' போட்டோ வரிசையில் இதுவும் ஒன்று.

பறக்கும் மீன் மட்டும்தான் சர்ரியலா?

1924-ல் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையோடு பரவிய கலை இயக்கம் சர்ரியலிசம். தமிழில் மீயதார்த்தம். கனவில் வருவதுபோல, ஒட்டாத விஷயங்களை ஒன்றாக வைத்து, பழகின உலகத்தையே விசித்திரமாகக் காட்டுவது இதன் வழி. அதற்கு மீன் பறக்கணும்னு இல்லை. தெரிந்த படத்தில் ஒரே ஒரு விஷயம் மாறினாலே 'ஏதோ இடிக்குதே'ன்னு தோணும். புஷ்பமாலாவின் போட்டோக்கள் அந்த ரகம்.

ஒரே முகம், பல வேஷம்

புஷ்பமாலா முதலில் சிற்பி. அதனால் செட், திரைச்சீலை, உடை, நகை எல்லாம் போட்டு, அசல் படத்தையே மறுபடி உருவாக்கி, அதற்குள் தானே நடிக்கிறார். இதற்கு 'போட்டோ பெர்ஃபார்மன்ஸ்'னு பேர். நியூயார்க்கில் சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை, சினிமா ஸ்டில் பாணியில் தன்னையே எடுத்ததும் இதே குடும்பம்தான்.

ரவி வர்மாவின் லட்சுமி, சாட்டையோடு நிற்கும் ஜெயலலிதாவின் சினிமா ஸ்டில், செய்தித்தாளில் வந்த திருட்டு வழக்குப் பெண்கள்... எல்லாவற்றிலும் அதே முகம். சாமி, ஸ்டார், குற்றவாளி எல்லாமே ஒரே பெண் என்றால், 'இவ இப்படிப்பட்டவ'ன்னு முடிவு செய்வது யார்? முகமா, ஃபிரேமா?

அந்தக் கட்டம் போட்ட திரை

இந்த வரிசையில் அதிகம் உறுத்துவது தோடர் பெண் போட்டோ. 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், மக்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி, உடம்பை அளந்து, 'இன வகை'யாகப் பிரித்தார்கள். அந்தத் திரைக்கு முன் இப்போது புஷ்பமாலா நிற்கிறார். ஒரே வித்தியாசம், இங்கே அளக்கப்படுகிறவர்தான் டைரக்டர்.

'அதெல்லாம் பழைய கதை'ன்னு நினைக்கிறீங்களா? உங்க போன்ல இருக்கிற பியூட்டி ஃபில்டரும் முகத்தை அளந்துதான் வேலை செய்யுது. மூக்கை ஒல்லியாக்கி, தோலை வெளுப்பாக்குது. திரை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியலை.

நீங்களும் எடுக்கலாம்

* எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்க. பாட்டியின் கல்யாண போட்டோ, நாற்று நடும் காலண்டர் படம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ... எதுவானாலும் ஓகே.
* உடை, வெளிச்சம், நிற்கும் விதம் எல்லாம் அசல் மாதிரியே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றுங்க. நாற்று நடும் பெண்ணின் கையில் லேப்டாப் இருக்கலாம்.
* அடுத்தவங்களை வேடிக்கை காட்டாம, நீங்களே ஃபிரேமுக்குள் நில்லுங்க.
* முக்கியமா, ஃபில்டரை ஆஃப் பண்ணிடுங்க. உங்க முகம் எப்படி இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க!