தம்பியைப் பற்றி ஒரு பக்கம்

எங்க அப்பா ராணுவத்துல இருந்தாரு. வெலிங்டன், ஜோத்பூர், குவாஹாத்தின்னு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு ஊர். எனக்கு அது ஜாலி. ஆட்டிசம் உள்ள என் தம்பிக்கு அப்படி இல்ல.

அவனுக்குப் பேச்சு கிடையாது. தண்ணி வேணும்னா உள்ளங்கையைத் தேய்ப்பான். வெலிங்டன் டீச்சருக்கு அது தெரியும். ஜோத்பூர்ல யாருக்கும் தெரியாது. தாகத்துல அழுதவனை, 'அடம் பிடிக்கிறான்'னு டைரியில எழுதி அனுப்பினாங்க.

அப்போ நடைமுறையில இருந்த 1995 சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமே இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உட்பட 21 வகைகளை ஏற்கிறது. ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பல கன்டோன்மென்ட்களில் 'ஆஷா' பள்ளிகளும் இருக்கு.

இதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனா சான்றிதழ்ல சதவீதம்தான் இருக்கும். உள்ளங்கை விஷயம் இருக்காது. அது தெரியாம புது தெரபிஸ்ட் முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. அவன் பழகுறதுக்குள்ள அடுத்த போஸ்டிங் ஆர்டர் வந்துடும்.

குவாஹாத்தி போறதுக்கு முன்னாடி அம்மா ஒரு வேலை செஞ்சாங்க. ஒரே ஒரு பக்கம் எழுதினாங்க. எது வேணும்னா என்ன சைகை காட்டுவான், எந்தச் சத்தம் ஆகாது, அழுதா எப்படிச் சமாதானப்படுத்தணும், இப்போ என்ன கத்துக்கிட்டிருக்கான். அதை இந்தியிலயும் எழுதிக்கிட்டாங்க. பழைய தெரபிஸ்ட்கிட்ட ரிப்போர்ட்டோட போன் நம்பரும் வாங்கினாங்க. புது குவார்ட்டர்ஸ் போட்டோவை ஒரு மாசம் தினமும் தம்பிக்குக் காட்டினாங்க. அவன் தட்டையும் தலையணையையும் கடைசியா பேக் பண்ணி, அங்க போனதும் முதல்ல எடுத்து வெச்சாங்க.

அழுகை நிக்கலை. ஆனா ரெண்டாவது நாளே, அவன் கையைத் தேய்ச்சதும் டீச்சர் டம்ளரை நீட்டினாங்க.

உங்க அப்பார்ட்மென்ட்டுக்கோ நீங்க வேலை பார்க்கிற ஸ்கூலுக்கோ இப்படி ஒரு குழந்தை வந்தா, "என்ன பிரச்சினை?"ன்னு கேட்காதீங்க. "இவன் தண்ணி எப்படிக் கேப்பான்?"னு கேளுங்க.