சுவிட்சும் ரவுட்டரும் பழகும் முறை

கணிப்பொறி வலையமைப்புத் தொழிலை நாடும் மாணாக்கர் இக்காலத்துப் பலராவர். அன்னோர் முதற்கண் எய்த விரும்புவது சிஸ்கோ நிறுவனத்தார் வழங்கும் சிசிஎன்ஏ என்னும் சான்றிதழாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் லியோனார்ட் போசாக், சாண்டி லெர்னர் என்னும் இருவரால் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், 1998இல் இச்சான்றிதழை ஏற்படுத்திற்று. பரீட்சை 120 நிமிஷம் நடைபெறும். கட்டணம் 300 டாலர். பெற்ற சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். நம் நாணயத்தில் அக்கட்டணம் இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேற்படுவதாகும். திருவெண்ணெய்நல்லூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் நெல்லும் கரும்பும் பயிரிட்டு வாழும் குடும்பத்திலிருந்து வரும் மாணாக்கனுக்கு இஃது எளிய தொகையன்று. ஒருமுறை தவறினால் மீண்டும் முழுக் கட்டணமும் செலுத்தல் வேண்டும். ஆதலின் இப்பரீட்சைக்கு எவ்வாறு பழகுவது என்பதை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

சுவிட்ச் என்பது ஓரிடத்துக் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்குங் கருவி. எந்தக் கணிப்பொறி எந்த வாயிலில் உள்ளது என்பதை அதுவே கண்டறிந்து தன் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். ரவுட்டரோ ஒரு வலையினின்று மற்றொரு வலைக்கு வழி காட்டுவது. திருவெண்ணெய்நல்லூரில் உள்ளான் ஒருவன் அடுத்த தெருவிலுள்ள உறவினனைக் காண ஒருவரையும் வழி கேட்கவேண்டா. திருச்சிராப்பள்ளிக்குப் புகைவண்டியிற் போகவேண்டின், திருவெண்ணெய்நல்லூர் ரோடு என்னும் நிலையத்தை முதலில் அடைதல் வேண்டும். அந்நிலையம் ஊரினுள் இல்லை. பெயரே அதனைச் சொல்லும். நிலையத்துக்கு வழி அறியாதவன் ஊருக்குள் எங்கும் திரியலாம், வெளியூர் செல்லமாட்டான். கணிப்பொறிக்கு அந்நிலையம் போன்றதே 'டிபால்ட் கேட்வே' எனப்படும் முகவரி. பக்கத்துக் கணிப்பொறி மறுமொழி தருகின்றது, வெளியுலகம் தரவில்லை என்று முறையிடும் இடங்களில், இம்முகவரி விடுபட்டிருக்கிறதா என்றே முதலிற் பார்த்தல் நலம்.

நிற்க. இக்கருவிகளை விலைகொடுத்து வாங்கிய பின்னரே பழகவேண்டும் என்பதில்லை. சிஸ்கோ நிறுவனத்தார் தம் கல்விப் பிரிவின் வாயிலாகப் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளை இலவசமாக அளிக்கின்றனர். சாதாரண மடிக்கணிப்பொறி ஒன்றிருப்பின் திரையிலேயே சுவிட்சும் ரவுட்டரும் அமைத்துக் கட்டளைகள் இட்டுப் பார்க்கலாம். ஒரு செய்தித் துணுக்கு படிப்படியாக எவ்வாறு செல்கின்றது என்பதை நிறுத்தி நிறுத்திக் காணும் வசதியும் அதில் உண்டு. உண்மைக் கருவியிற்கூட இவ்வாறு கண்ணாற் காணுதல் இயலாது.

பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூடத்தை மனத்திற்கொள்க. அலுவலகக் கணிப்பொறிகள் விலான் 10 என்னும் பகுதியிலும், மாணாக்கர் கணிப்பொறிகள் விலான் 20 என்னும் பகுதியிலும் இருக்கவேண்டும். இரண்டு கட்டடங்கள், கட்டடத்துக்கு ஒரு சுவிட்ச், இரண்டுக்கும் பொதுவாக ஒரு ரவுட்டர். அலுவலகத்துக்கு 192.168.10.0 என்னும் வலையும், மாணாக்கருக்கு 192.168.20.0 என்னும் வலையும் கொடுக்க. சுவிட்சுகளை இணைக்கும் வடமும், ரவுட்டருக்குச் செல்லும் வடமும் இரண்டு விலான்களையும் சுமக்கும் 'டிரங்க்' ஆதல் வேண்டும். ரவுட்டரின் ஒரே வாயிலை இரண்டு உள்வாயில்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 802.1கியூ முறையில் விலான் எண்ணும் முகவரியும் அளிக்க.

இத்துணையும் செய்தபின் 'பிங்' கட்டளையால் அலுவலகக் கணிப்பொறி மாணாக்கர் கணிப்பொறியை அழைத்து மறுமொழி பெற்றால் பயிற்சி முடிந்தது என்று எண்ணுவோர் உளர். நம் கருத்தில் பயிற்சி அப்பொழுதுதான் தொடங்குகின்றது. நன்றாய் இயங்கும் வலையை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தல் வேண்டும். சுவிட்சுகளுக்கிடையே டிரங்கை நீக்கி, அவ்வடத்தைச் சாதாரண வாயிலாக்கிவிடுக. எவ்வெப் பேச்சு நின்றது, எது நிற்கவில்லை என்று குறித்துக்கொள்க. பிறகு ரவுட்டரின் வாயிலை மூடிவிடுக. சுவிட்சின் வாயில்கள் இயல்பாகவே திறந்திருக்க, ரவுட்டரின் வாயில்கள் 'நோ ஷட்டவுன்' என்று கட்டளையிட்டாலன்றித் திறவா. இவ்வேறுபாட்டைப் பத்துமுறை படித்தும் நினைவில் நிறுத்தாதவன், 'ஷோ ஐபி இன்டர்பேஸ் பிரீப்' என்னும் கட்டளையின் விடையில் வாயில் மூடியிருக்கும் குறிப்பை ஒருமுறை கண்டபின் மறப்பதில்லை.

முகவரிக் கணக்கும் அவ்வாறே. 192.168.10.70, 192.168.10.130 என்னும் இரண்டும் 255.255.255.0 என்னும் மறைப்பெண்ணின்கீழ் ஒரே வலையில் உள்ளவை. மறைப்பெண்ணை 255.255.255.192 என மாற்றினால் வலை அறுபத்துநான்கு அறுபத்துநான்காகப் பிரியும். முன்னது 64 முதல் 127 வரையுள்ள பகுதியிலும், பின்னது 128 முதல் 191 வரையுள்ள பகுதியிலும் விழும். பகுதிதோறும் 62 முகவரிகளே கணிப்பொறிகளுக்கு உதவும். காகிதத்தில் இதைப் போட்டு முடித்தவுடன் திரையிலும் மாற்றிப் பார்க்க. சற்று முன் பேசிய இரு கணிப்பொறிகளும் வாய்மூடி நிற்கும்.

பழைய வினாக்களையும் விடைகளையும் திரட்டி விற்பார் சிலர் உளர். அவற்றை உருப்போட்டுத் தேறுவது தேர்வு நடத்துவோர் விதிக்கு மாறானது. கண்டறியப்படின் சான்றிதழ் பறிக்கப்படும். கண்டறியப்படாவிடினும் என்ன பயன்? வேலைக்கு அமர்ந்த முதல் வாரத்தில் ஒரு மருத்துவமனையின் வலை நின்றுபோனால், ஆங்கு நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பார் ஒருவருமில்லை.

இனி, மின்சாரம் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. நாம் இடும் கட்டளைகள் யாவும் அப்போதைக்குத் தற்காலிக நினைவகத்தில் இருப்பன; அதற்கு 'ரன்னிங் கான்பிக்' என்று பெயர். மின்சாரம் நின்றால் அது மறைந்துபோம். 'ஸ்டார்ட்டப் கான்பிக்' என்னும் நிலையான இடத்திற் படியெடுத்து வைத்தாலன்றி உழைப்பு முழுதும் வீண். திருவெண்ணெய்நல்லூர் வழக்கைப் பெரியபுராணம் வாயிலாக அறியாதார் இலர். சுந்தரர் பற்றிக் கிழித்தது படியோலையே. மூலவோலை வேறாகக் காக்கப்பட்டிருந்தமையால் முதியவர் வழக்கு நின்றது. ரவுட்டரிடமும் கிழிந்துபோகக் கூடியது ஒன்று, காத்துவைக்கவேண்டியது மற்றொன்று என இரண்டு ஓலைகள் உள. என்னே வேறுபாடெனின், இங்கே மூலவோலையை நாமே எழுதிவைத்தல் வேண்டும்.

திரைப்பயிற்சி மட்டும் போதுமோ எனின், பெரும்பாலும் போதும், முற்றும் போதாது. பாக்கெட் டிரேசர் உண்மைக் கருவியின் எல்லாக் கட்டளைகளையும் ஏற்பதில்லை. வடத்தின் குற்றமும் திரையில் தோன்றாது. வலைவடத்தினுள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகளே போதும். 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஆகவே நீல இணை அறுந்த வடம், பழைய சுவிட்சிற் குறையின்றி வேலை செய்து, புதிய சுவிட்சில் மாட்டியவுடன் மெல்ல நடக்கும், அல்லது நின்றேவிடும். குற்றம் புதிய சுவிட்சின்மேல் ஏற்றப்படும். முனைக்கருவியைக் கையிற்கொண்டு, செம்மஞ்சள் கலந்த வெள்ளையில் தொடங்கிப் பழுப்பில் முடியும் வரிசைப்படி, பத்து முனைகளாயினும் அமுக்கிப் பழகினாலன்றி இது விளங்காது.

நால்வர் ஐவர் கூடிப் பொருளிட்டு, பயன்படுத்திக் கழித்த ரவுட்டர் ஒன்றும் சுவிட்ச் இரண்டும் வாங்குவது தகும். பழைய கணிப்பொறிச் சாமான்களுக்குச் சென்னை ரிச்சி தெரு பேர்போனது. 2960 என்னும் எண்ணுடைய சுவிட்சும், 1841 அல்லது 2811 எண்ணுடைய ரவுட்டரும் இப்போது காலங்கடந்தவையே; எனினும் பயிற்சிக்குக் குறைவில்லை. பணம் கொடுக்குமுன் கடையிலேயே மின்சாரம் தந்து, கன்சோல் வடத்தால் மடிக்கணிப்பொறியோடு இணைத்து, வேகத்தை 9600 என வைத்து, எழுத்துக்கள் தோன்றுகின்றனவா என்று காண்க. உள்ளிருக்கவேண்டிய இயக்க மென்பொருள் அழிக்கப்பட்டிருப்பின், ரவுட்டர் எழாமல் 'ரொம்மான்' என்னும் குறியோடு நின்றுவிடும், அதை வாங்கவேண்டா. முந்தையோர் வைத்த கடவுச்சொல் கேட்டால் மட்டும் அஞ்சி விட்டுவிடற்க. ரவுட்டரை நிறுத்தி எழுப்பி, தொடக்கத்திலேயே இடைமறித்து, பதிவெண்ணை 2142 என மாற்றினால் பழைய ஓலையைப் படியாமலே அது எழும். வேலை முடிந்தபின் பதிவெண்ணை மீண்டும் 2102 ஆக்கி வைத்தல் வேண்டும். இல்லையேல் நாம் சேமித்ததையும் அது படியாது.