மலை ஏறும் லாரிக்கு 2 மூச்சு!

ஜவ்வாது மலை மீது ஒரு லாரி ஏறிக் கொண்டு இருக்கிறது.

பழைய லாரி. முதுகில் சிமெண்டு மூட்டைகள். போளூரில் புறப்பட்டபோது ஜோராகத்தான் ஓடி வந்தது. மலை தொடங்கியதும் அதன் வேகம் அடங்கி விட்டது. கொண்டை ஊசி வளைவில் முக்குகிறது, முனகுகிறது. டிரைவர் கியரைக் குறைக்கிறார். மறுபடியும் குறைக்கிறார். இனிமேல் குறைப்பதற்குக் கியர் இல்லை! சைலன்சரில் இருந்து கரும்புகை குபுகுபு என்று வருகிறது.

பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் மூக்கைப் பொத்திக் கொள்கிறார். "என்ஜின் போச்சு" என்கிறார்.

என்ஜின் போகவில்லை. அதற்கு மூச்சுத் திணறுகிறது!

இந்தத் திணறலைத் தீர்க்க வந்த கருவிக்கு "டர்போ" என்று பெயர். ஒன்று போதாது என்று 2 டர்போ மாட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. 2 டர்போ எதற்கு? மாட்டினால் என்ன கிடைக்கும்? என்ன போகும்?

புகையின் ரகசியம்

அடுப்பு நிறைய விறகைத் திணித்து விட்டு, ஊதாமல் இருந்தால் என்ன ஆகும்? வீடு முழுவதும் புகை மண்டும். சோறு வேகாது.

என்ஜினிலும் அதே கதைதான். 1 லிட்டர் டீசல் முழுவதும் எரிவதற்குச் சுமார் 10 ஆயிரம் லிட்டர் காற்று தேவை. நம்ப முடியவில்லை அல்லவா? ஆனால் கணக்கு அதுதான்.

லாரி என்ஜினின் சிலிண்டர்களில் மொத்தம் 6 லிட்டர் இடம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அந்த என்ஜின் 2 சுற்றுச் சுற்றினால் 6 லிட்டர் காற்றை இழுக்கும். அதற்கு மேல் இழுக்க இடம் கிடையாது. ஏற்றத்தில் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். டீசல் கூடுகிறது. காற்று கூடவில்லை. காற்று கிடைக்காத டீசல் கரியாகி வெளியே வருகிறது. காசு கொடுத்து வாங்கிய டீசல்தான் அப்படிப் புகையாகப் போகிறது!

மலைக்கு மேலே போகப் போகக் காற்றும் லேசாகிறது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,400 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 7 பங்கு குறைவு. ஏற்கனவே மூச்சு வாங்கும் லாரிக்கு அதுவும் நஷ்டம்தான்.

(காவலூரில்தான் வைணு பாப்பு பெயரில் 1986-ல் திறக்கப்பட்ட பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். பெங்களூரில் தேய்த்து மெருகு ஏற்றப்பட்ட அந்தக் கண்ணாடியும் இந்த மலை ஏறி வந்ததுதான்.)

வீணாகப் போவதற்கு வேலை

சுவிட்சர்லாந்தில் ஆல்பிரட் பூஹி என்று ஓர் என்ஜினீயர் இருந்தார். என்ஜினில் இருந்து வெளியே போகும் புகை, சூடாகவும் வேகமாகவும் போகிறது. அந்தச் சக்தி வீணாகிறதே என்று அவர் நினைத்தார். அதைக் கொண்டே காற்றை இழுத்து என்ஜினுக்கு ஊட்டினால் என்ன?

1905-ல் அவர் அதற்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். ஒரு தண்டு. அதன் 2 முனைகளிலும் 2 சக்கரங்கள். புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அது சுற்றினால் மறுமுனையில் உள்ள சக்கரமும் சுற்றும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, சிலிண்டருக்குள் தள்ளும். இதுதான் டர்போ. அடுப்பு ஊதும் ஊதுகுழல் மாதிரி. ஊதுவது மட்டும் புகை!

யோசனை பலிக்க 20 ஆண்டு பிடித்தது. பிறகு 2 ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் மாட்டிப் பார்த்தார்கள். 1,750 குதிரைச் சக்தி தந்த என்ஜின், 2,500 குதிரைச் சக்தி தந்தது. என்ஜின் அதே அளவுதான்.

அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர், 1918-ல் ஒரு விமான என்ஜினைப் பைக்ஸ் பீக் என்ற மலை உச்சிக்குக் கொண்டு போனார். உயரம் 14 ஆயிரம் அடி. கீழே 350 குதிரைச் சக்தி தந்த என்ஜின், உச்சியில் 230-க்கு இறங்கி விட்டது. டர்போவை மாட்டினார்கள். 356 வந்தது! மலை பறித்துக் கொண்ட மூச்சை டர்போ திருப்பிக் கொடுத்து விட்டது.

1938-ல் சுவிட்சர்லாந்தின் சவுரர் கம்பெனி, லாரி என்ஜினிலும் டர்போவைப் பொருத்தியது.

நம் நாட்டில் லாரிக்கு டர்போ மெதுவாகத்தான் வந்தது. 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலையின் பழைய லாரிகள் எல்லாம் டர்போ இல்லாமல் மலை ஏறியவைதான். புகைக் கட்டுப்பாடு சட்டங்கள் இறுகிய பிறகு நிலைமை மாறியது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பி.எஸ்.6 என்ற கடுமையான விதி அமலில் இருக்கிறது. இன்று புதிய டீசல் லாரிகள் டர்போவுடன்தான் வருகின்றன.

சின்னவனும் பெரியவனும்

அப்படியானால் 2 டர்போ எதற்கு?

பெரிய டர்போ நிறையக் காற்றுத் தரும். ஆனால் அதன் சக்கரம் கனமானது. நிறையப் புகை வந்தால்தான் விழிக்கும். கொண்டை ஊசி வளைவில் லாரி ஊர்ந்து திரும்பும்போது என்ஜின் மெதுவாகச் சுற்றும், புகை குறைவு. பெரியவன் தூங்குவான். பலம் வேண்டிய நேரம் அதுதான்!

சின்ன டர்போ சட்டென்று எழுந்து விடும். ஆனால் என்ஜின் வேகம் எடுத்ததும் அதற்கு மூச்சு முட்டும்.

ஆகவே இருவரையும் கூட்டுச் சேர்த்தார்கள். புகை முதலில் சின்னவனைச் சுற்றி விட்டு, பிறகு பெரியவனிடம் போகும். காற்று எதிர்த் திசையில் வரும். பெரியவன் அதை 2 மடங்கு அமுக்கினால், சின்னவன் அதை இன்னும் 2 மடங்கு அமுக்குவான். மொத்தம் 4 மடங்கு! என்ஜின் வேகம் கூடியதும் ஒரு பக்கக் கதவு திறக்கும். சின்னவனுக்குத் தாங்காத புகை அந்த வழியாகப் பெரியவனிடம் நேராகப் போய்விடும்.

அமெரிக்காவில் 2008-ம் ஆண்டு மாடல் போர்டு டீசல் வண்டிகள் இப்படி 2 டர்போவுடன் வந்தன. அங்கே சொந்தப் பட்டறையில், தாங்களாகவே குழாய் வளைத்து, வெல்டிங் வைத்து, 2 டர்போ மாட்டுகிற ஆசாமிகளும் உண்டு.

மாட்டினால் போதுமா?

சைக்கிளுக்குக் காற்று அடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடு ஏறும். 4 மடங்கு அமுக்கினால் கேட்க வேண்டுமா? சூடான காற்று மறுபடியும் லேசாகி விடும். பட்ட பாடு வீண். எனவே நடுவில் காற்றைக் குளிர வைக்க "இன்டர்கூலர்" வேண்டும்.

அடுத்தது டீசல். காற்று கூடினால் டீசலும் கூட வேண்டும். பம்பைத் திருகிக் கூட்டுவது ஒரு மெக்கானிக்குக்குச் சில நிமிஷ வேலை. ஆபத்தும் அங்கேதான். அளவு மீறினால் உள்ளே சூடு தாறுமாறாக ஏறும். பல என்ஜின்களில் பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும் சரக்கு! ஆகவே புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது, கண்ணைக் கட்டிக் கொண்டு மலைச் சாலையில் வண்டி ஓட்டுவது போன்றது.

அழுத்தம் கூடியதும் ஹெட் கேஸ்கெட் கிழியலாம். கிளட்ச் வழுக்கலாம். கியர்ப் பெட்டியின் பற்கள் உடையலாம். என்ஜினை வடிவமைத்தவர், அதன் பலத்துக்குத் தகுந்தபடிதான் மற்ற எல்லாவற்றையும் செய்திருப்பார். ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் மற்றவை தாங்காது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் என்ஜினில் கைவைத்தால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் பணத்துக்கும் தகராறு வரலாம்.

இறங்கும்போது?

இவ்வளவு செய்து விட்டார்கள் என்றே வைத்துக் கொள்வோம். லாரி மான் மாதிரி ஏறுகிறது. உடனே முதலாளிக்கு என்ன தோன்றும்? "இன்னும் 20 மூட்டை ஏற்று!"

ஏறிய லாரி இறங்க வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் கால் இல்லை. புகை இல்லை. 2 டர்போவும் கையைக் கட்டிக் கொண்டு நிற்கும். அப்போது லாரியைப் பிடித்து நிறுத்துவது பிரேக்கும், குறைந்த கியரும்தான். டர்போ மாட்டியவர் பிரேக்கைப் பெரிதாக்கி இருக்கிறாரா? பெரும்பாலும் இல்லை. இடைவிடாமல் மிதித்தால் பிரேக் பழுக்கக் காயும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று மூத்த டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

ஜவ்வாது மலையில் சரக்கு வண்டி என்பது சரக்குக்கு மட்டும் அல்ல. சாமையும் புளியும் போகும் வண்டியிலேயே சில சமயம் ஜனங்களும் போகிறார்கள். 2022 ஏப்ரலில், திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாடு பக்கம் உள்ள செம்பரையில், கோவிலுக்குப் போனவர்களின் வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள்.

சிமெண்டு லாரி ஒரு வழியாக ஜமுனாமரத்தூர் வந்து சேர்ந்து விட்டது. அதை அடுத்து, டர்போ உள்ள புதிய லாரி ஒன்றும் வந்து நிற்கிறது. பழைய லாரியின் டிரைவர் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தி விட்டு, டீக்கடைக்குப் போய்விட்டார். புதிய லாரியின் டிரைவர் இன்னும் இறங்கவில்லை. என்ஜின் மெதுவாக ஓடிக் கொண்டு இருக்கிறது.

அவர் டீசலை வீணாக்கவில்லை. டர்போவின் தண்டு நிமிஷத்துக்குச் சுமார் 1 லட்சம் சுற்று சுற்றி வந்திருக்கிறது. அது மிதப்பது ஆயில் மீது. சட்டென்று என்ஜினை நிறுத்தினால் ஆயில் நின்று விடும். சூட்டில் கரியாகி விடும். தண்டு தேய்ந்து போகும். 2 நிமிஷம் பொறுத்தால் சூடு தணியும்.

2 நிமிஷம் ஆயிற்று. அவரும் என்ஜினை நிறுத்தி விட்டு இறங்குகிறார்.